ஐந்தாவது கோப்பை

லண்டன் டூட்டிங்கில் கஃபே ஒன்றில் பதினொரு வருடமாக வேலை செய்யும் மரியநாயகிக்கு, எதிரில் இருப்பவரின் கோப்பை வெறுமையாய்க் கிடந்தால் கை சும்மா இருக்காது. போதுமென்று அவர் கையால் மூடும்வரை ஊற்றுவதுதான் அவள் வீட்டு வழக்கம்.

தன் மகளிடம் வந்து தங்கி, தினமும் கஃபேக்கு வரும் அமெரிக்கர் வால்டர் ஒருநாளும் மூடவில்லை. காலையில் ஐந்து கோப்பை கோப்பி குடிப்பார். "மனுசன்ர வயிறோ, வாளியோ!" என்று அவளுக்கு எரிச்சல் வரும். ஆனால் கான்சஸ் கோதுமை வயல்களைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல, ஜன்னலுக்கு வெளியே சிவப்பு பஸ்கள் கோப்பி ஆவியில் கரைந்துபோக, பொன்னிறமாய் ஒரு வெளி அசையும்.

அன்று ஐந்தாவது கோப்பையை அவர் தூக்கியபோது கோப்பி மேசையில் சிந்தியது.

"உங்களுக்கு இவ்வளவு கோப்பி கூடாதெல்லோ?"

"டாக்டர் ஒரு கோப்பைதான் குடிக்கச் சொன்னார்," என்றார் வால்டர். "எங்கள் ஊர்க் கடையில் போதும் என்று சொன்னால், எழுந்து போகிறேன் என்று அர்த்தம். எனக்குப் போக மனமில்லை."

"விசர் மனுசன்," என்று தமிழில் திட்டி முணுமுணுத்தாள். கோப்பையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, எதிர்க் கதிரையை இழுத்து, முதன்முறையாக அங்கே உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்கோ. அந்தக் கோதுமையை எந்த மாசம் அறுப்பினம்?"