கண்ணாடிச் சட்டத்தில் ஒரு ஸ்ட்ரீமர்

மாமாவைக் கைதேர்ந்தவர் என்று யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா புருஷன்தான், உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அவருக்குச் சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட அக்காதான் தைத்துக் கொடுக்க வேண்டும்.

அக்கா டெய்லர். ஊரில் அவளை யாரும் வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. முன்னறையில் தையல் மெஷின், ஜன்னலோரம் ஒரு சின்ன வைஸ். பகலெல்லாம் காஜா எடுப்பாள். சாயங்காலம் அந்த வைஸில் நீளமான தூண்டில் முள்ளை இறுக்கி, மீனை ஏமாற்றும் போலி இரையான ஸ்ட்ரீமர் கட்டுவாள். முள்ளைச் சுற்றி வெள்ளி ஜரிகை, அதன்மேல் பக்கத்துக்கு இரண்டாக நாலு சேவல் இறகு, தலையில் கறுப்பு நூல். தண்ணீரில் இழுத்தால் அசல் குஞ்சுமீன். டிரவுட் மீன் யோசிக்காமல் வாயைத் திறக்கும்.

மீனாவது ஒரு தடவைதான் ஏமாறும். ஆற்றங்கரை ஆட்கள் பதினோரு வருஷமாக ஏமாந்தார்கள். அதெல்லாம் மாமா கட்டியது என்றே நம்பினார்கள். "ஏதோ நமக்குத் தெரிஞ்சது" என்று மாமாவும் தலையைச் சொறிவார். கூச்சநாச்சமே கிடையாது. பக்கத்தில் நிற்கும் நான், அக்கா வாழ்க்கையாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

மீன்பிடி சங்கத்து ஹாலில் ஒரு கண்ணாடிச் சட்டம் உண்டு. நன்றாக மீன் பிடித்துத் தந்த ஸ்ட்ரீமரை அதில் குத்தி, கீழே கட்டியவரின் பெயரை அட்டையில் எழுதி வைப்பார்கள். அதன்பிறகு ஆறு முழுக்க அந்த ஸ்ட்ரீமருக்கு அதுதான் பெயர். போன வருஷம் அக்கா கட்டியதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை, கட்டியவர் கமிட்டி முன்னால் உட்கார்ந்து இன்னொன்று கட்டிக் காட்ட வேண்டும். மாமா சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

நான் போர்டு எழுதுகிறவன். அட்டை எழுதும் வேலை எனக்கு வந்தது. அக்காவிடம் சொன்னேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அதுல என்னைத்தான்டா எழுதணும்."

இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"நான் பாத்துக்கறேன்க்கா" என்றேன்.

கட்டிக் காட்ட வேண்டிய நாளில் மாமா அக்காவின் இறகுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஜம்மென்று உட்கார்ந்தார். சேவல் கழுத்தில் இடப்பக்கத்து இறகு ஒரு பக்கமாக வளையும், வலப்பக்கத்து இறகு மறுபக்கமாக வளையும். ஒரு ஜோடி இங்கிருந்து, ஒரு ஜோடி அங்கிருந்து எடுத்து எதிரெதிரே வைத்தால்தான் நேராக நீந்தும். மாமா நாலையும் ஒரே பக்கத்திலிருந்து உருவினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தொட்டித் தண்ணீரில் இழுத்ததும் பம்பரமாகச் சுற்றி, தூண்டில் நரம்பையும் முறுக்கிக்கொண்டது.

கமிட்டி ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அவ எடுத்து வச்ச இறகு சரியில்ல" என்றார் மாமா.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"எவ எடுத்து வச்ச இறகு மாமா? சொல்லுங்க. பதினோரு வருஷமா கட்டினது எவ?"

கேட்டதோடு நிற்கவில்லை. எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். மாமாவின் முகம் செத்துப்போனது. எனக்கு அது இனித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "கோபப்படாதீங்க தம்பி. அவங்களையே போட்டுடலாம். நான் சொல்றேன், எழுதுங்க."

ஜெயித்துவிட்ட வேகத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு பிசிறு இல்லாமல், முத்து முத்தாக. அட்டையைச் சட்டத்தில் வைத்துவிட்டு அக்காவைக் கூட்டிவர ஓடினேன். அவள் இருந்ததிலேயே நல்ல செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

சட்டத்தின் முன்னால் நின்று படித்தாள். 'கட்டியவர்: உதிரிபாகக் கடைக்காரரின் மனைவி.'

இன்னொரு தடவை படித்தாள். பிறகு கண்ணாடியைத் திறந்து ஸ்ட்ரீமரை எடுத்தாள். பையிலிருந்த சின்னக் கத்தரியால் தலை நூலை வெட்டினாள். நாலு இறகும் தரையில் விழுந்தன.

"என்னம்மா இது?" என்றார் செயலாளர்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. மூலையில் நின்ற மாமாவையும் பார்க்கவில்லை.

"இது உன் கையெழுத்துதானே?" என்று என்னைக் கேட்டாள்.

"அவர்தான்க்கா சொல்லச் சொல்ல..."

"ஊரே என்னை டெய்லர்னுதான் கூப்பிடுது. அந்த நாலெழுத்து எழுத உனக்குக் கை வரலையா?"

அவள் வெறும் முள்ளைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போனாள்.

இப்போதும் கட்டுகிறாள், யாருக்கும் கொடுப்பதில்லை. என்னிடம் பேசாமலும் இல்லை. போனால் காப்பி தருவாள், பிள்ளைகளை விசாரிப்பாள். நான் மாமாவைத் திட்ட வாயெடுத்தால் மட்டும், மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள்.