ஜெராம் கடலோரத்து வீடு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் புஷ்பவல்லிக்கு வாய்க்காரி என்று பெயர். குழாயடியில் அவள் ஒரு சொல் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச ஆள் கிடையாது. புருஷன் தம்புசாமி அப்படியே நேர் எதிர். யார்டில் ரயில் பெட்டிகளைக் கோர்த்துவிடுகிற வேலை. பகலெல்லாம் இரும்புச் சத்தத்துக்கு நடுவில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டான். "நீ பேசு புஷ்பம், நான் கேக்கறேன்" என்று சுவரில் சாய்ந்துகொள்வான். வீட்டில் என்ன முடிவென்றாலும் அவள் சொன்னதுதான். அதில் அவனுக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை, பாவம்.

ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ரேஷன் அரிசியில் சுண்ணாம்பு கலந்து வந்தது. அதையும் எட்டுத் தண்ணீரில் கழுவிப் பொங்கித் தின்றார்கள். அந்த நேரத்தில்தான் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். சிப்பாய்கள் தங்க வீடு வேண்டுமாம். புஷ்பவல்லி வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று தம்புசாமிக்கு இருந்தது. சயாம் நாட்டில் புது ரயில்பாதை போடுகிறார்கள், அதற்கு ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு யார்டு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. ரயில் வேலை தெரிந்தவன் என்றால் கேட்கவே வேண்டாம். அவனோடு வேலை பார்த்த இரண்டு பேர் சம்பளம் வாங்கப் போனவர்கள் திரும்பவே இல்லை.

"இனிமே யார்டு பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன். எங்கயாவது ஒதுக்கமாப் போயி இருந்துக்குவோம்" என்றான்.

போவதற்கு இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று கடலோரம், இன்னொன்று தோட்டம். இரண்டையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவு செய்யலாம் என்றாள் புஷ்பவல்லி.

முதலில் கடலோரம். பிரிக்பீல்ட்ஸில் வீடு வீடாகச் சைக்கிளில் சேலை கொண்டுவந்து விற்ற மூசா பாய், துணி வரத்து நின்றதும் மனைவி காத்தூன் பீவியைக் கூட்டிக்கொண்டு ஜெராமுக்குப் போய் உப்புக் காய்ச்ச உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஒரு அத்தாப்பு ஓலைக் குடிசை சும்மா கிடக்கிறது, வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கிள்ளானில் ரயிலை விட்டு இறங்கி, காப்பார் வழியாக மாட்டுவண்டியில் போய்ச் சேருவதற்குள் புஷ்பவல்லிக்கு இடுப்பு கழன்றுவிட்டது.

குடிசைக்கு முன்னால் சேறும், அதில் வேரூன்றி நிற்கிற பாக்காவ் மரங்களும். அதற்கு அப்பால் கடல். பின்பக்கம் ஒரு கிணறு, துவைக்கிற கல், இரண்டு தென்னை. தம்புசாமி நேராகப் பின்பக்கம் போனான். இரண்டு தென்னைக்கும் நடுவில் நின்று கைகளை அகல விரித்துப் பார்த்தான்.

"பிள்ளைக்கு இங்க ஊஞ்சல் கட்டணும், புஷ்பம்."

"முதல்ல பிள்ளை பொறக்கட்டும்" என்றாள் அவள். கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினாள். "உப்பு கரிக்குது. கொசு ஆளையே தூக்கிட்டுப் போயிரும் போல. எனக்கு வலி எடுத்தா யாரு ஓடி வருவா, நண்டா?"

காத்தூன் பீவி விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் இருக்கேன்ல தங்கச்சி? எத்தனை பேறுகாலம் இந்தக் கையால பாத்திருக்கேன்!"

புஷ்பவல்லி மரியாதைக்குச் சிரித்துவைத்தாள். மனம் ஒட்டவில்லை.

அடுத்த வாரம் மேரு. அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில்தான் தம்புசாமி பிறந்து வளர்ந்தான். அக்கா இராஜம்மா இன்னும் அங்கேதான் இருந்தாள். வெள்ளைக்கார துரை ஓடிப்போனதிலிருந்து பால்மரம் சீவுகிற வேலை நின்றுபோயிருந்தது. ஆனாலும் மரத்துக்கு நடுவில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட்டு, சனங்கள் பட்டினி இல்லாமல் இருந்தார்கள். லயத்தில் ஒரு வீடு காலி. அடுத்த கதவு மருத்துவச்சி நல்லம்மாள். நாலு வீடு தள்ளி மாரியம்மன் கோயில். குழாயடியில் பெண்கள் கூட்டம். புஷ்பவல்லிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வந்த கையோடு ஒருத்தியிடம் வாய்கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

தம்புசாமி மட்டும் ஆலமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள்கள் வரிசை கட்டி நிற்கிற இடம் அது. கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு கம்பியில் தொங்கியது.

"இதப் பாத்தாலே இன்னும் கால் பரபரங்குது" என்று சிரித்தான். "வேலை வாங்கற மண்டோர் இதுல மூணு தட்டு தட்டினா போதும், தூக்கத்துலயே எழுந்து நடப்போம். அப்பா அடிச்ச அடியில அப்படிப் பழகிப்போச்சு."

திரும்பி வருகிற ரயிலில் அவன் வழக்கத்துக்கு மாறாகப் பேசினான். "எனக்கு என்னமோ அந்தக் கடலோரம்தான் மனசுல நிக்குது. தோட்டம்னா ஆளுங்க கூட்டமா இருப்பாங்க. கூட்டம் இருக்கிற இடத்துக்குத்தான் ஆள் பிடிக்கிற லோரி வரும். ஜெராம்ல நம்மள எவன் தேடி வரப்போறான்?"

"பிள்ளை பெறப்போறது நீங்களா, நானா?"

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "சரி, உன் இஷ்டம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவளைக் குற்றம் சொல்ல யாருக்கு மனம் வரும்? தலைச்சன் பிள்ளை. அம்மா இல்லாதவள். பக்கத்துக் கதவில் மருத்துவச்சி இருக்கிறாள் என்றால் எந்தப் பெண் வேண்டாம் என்பாள்?

மேருவுக்கே குடிபோனார்கள். நல்லம்மாள் கையில் பெண்குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. லெட்சுமி என்று பெயர் வைத்தார்கள். லோரிப் பயம் இருக்கத்தான் செய்தது. அதற்கும் லயத்து ஆண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். மண்சாலையில் எங்கேயாவது லோரிச் சத்தம் கேட்டதோ, அவ்வளவுதான், போட்டது போட்டபடி பின்பக்கச் சதுப்புக் காட்டுக்குள் பாய்ந்துவிடுவார்கள். ஜப்பான்காரன் வந்து பார்த்தால் கிழடுகளும் பெண்களும்தான் இருப்பார்கள். இரண்டு மூன்று தடவை வந்து வெறுங்கையோடு போனான். ஆண்கள் சேறும் அட்டைக்கடியுமாக வெளியே வருவார்கள். புஷ்பவல்லி தம்புசாமியின் காலில் அட்டையைப் பிடுங்கிக்கொண்டே, "பாத்தீங்களா, இங்க வந்தது நல்லதாப் போச்சு. ஒளியறதுக்குக் காடும் இருக்கு, திங்கறதுக்குக் கிழங்கும் இருக்கு" என்பாள். அவன் "ஆமாம்மா ஆமா" என்பான்.

ஒரு நாள் காலை, வெளிச்சம் வருகிற நேரம். டாண், டாண், டாண் என்று ஆலமரத்தடியில் தண்டவாளம் ஒலித்தது.

ஒரு வருஷத்துக்குமேல் ஊமையாகத் தொங்கிய இரும்பு. லயம் முழுக்கக் கதவுகள் திறந்தன. "தோட்டம் தொறந்துட்டாங்கடா! வேலை போடறாங்க!" என்று எவனோ கத்திக்கொண்டு ஓடினான். வேலை என்றால் அரிசி. சுண்ணாம்பு கலந்த அரிசியாக இருந்தால்தான் என்ன? லெட்சுமியின் ஏணையை ஆட்டிக்கொண்டே கண்ணயர்ந்திருந்த தம்புசாமி அந்தச் சத்தத்தில் விருட்டென்று எழுந்து நின்றான். பால்வாளியைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆனவன். ஆனாலும் அக்கா கொடுத்த அப்பாவின் பழைய வாளி ஆணியில் எங்கே தொங்குகிறது என்று அவன் கைக்குத் தெரிந்திருந்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவன் அங்கே மட்டும் கொஞ்சம் நின்றான்.

"லோரிச் சத்தம் கேட்டுச்சா, புஷ்பம்?"

அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். "ஒரு சத்தமும் இல்லீங்க."

"அப்ப வேலைதான்."

"போங்க, சீக்கிரம் போங்க. கடைசி ஆளா நின்னா திருப்பி அனுப்பிடப் போறாங்க" என்று அவளே முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டு ஓடினான்.

லோரிகளைப் பெரிய சாலை முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார்கள், படுபாவிகள். ஆண்கள் எல்லாரும் பால் சீவுகிற உளியும் வாளியுமாக, சின்ன வயதிலிருந்து பழகின மாதிரி, வரிசை பிசகாமல் நின்றார்கள். பிடிக்கிறவனுக்குத் தேடி அலைகிற வேலைகூட மிச்சம். கோயிலுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கிகள் வந்து சுற்றி நின்றபோது ஓடுவதற்கு ஒரு பக்கமும் இல்லை. மண்டோர் முதுகில் துப்பாக்கியை வைத்துத்தான் அடிக்கச் சொன்னார்களாம். இருக்கட்டும். அந்தக் கை வெந்துபோகட்டும் என்று அன்றைக்கு மண்ணை வாரித் தூற்றாத பெண் அந்த லயத்தில் இல்லை.

புஷ்பவல்லி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாலை முனைவரைக்கும் ஓடினாள். லோரி நகர்ந்துவிட்டது. கூட்டத்துக்குள்ளிருந்து தம்புசாமி தலையை நீட்டினான். வாழ்நாளில் அவன் சத்தம் போட்டுக் கத்தினது அந்த ஒரு தடவைதான்.

"ஜெராமுக்குப் போயிரு புஷ்பம்! நான் நேரா அங்கதான் வருவேன்!"

இராஜம்மா எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள். "அவன் என்னமோ அந்த நேரத்துல வாய்க்கு வந்ததச் சொன்னான். பச்சைப் பிள்ளையத் தூக்கிட்டுச் சேத்துக்குள்ள போயி என்ன பண்ணுவ?"

"ஒரு தடவையாவது அவரு சொன்ன இடத்துல இருக்கேன் அண்ணி" என்றாள் புஷ்பவல்லி.

மாட்டுவண்டியில் வந்து இறங்கியவளைக் காத்தூன் பீவி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "வாம்மா, கஞ்சி சூடா இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம். பாக்காவ் விறகை வெட்டி அடுக்குவது, தகரத் தொட்டியில் கடல் தண்ணீரைக் கொதிக்கவைத்து உப்பு எடுப்பது, அதைக் காப்பார் பாசாருக்குக் கொண்டுபோய்க் கிழங்குக்கு மாற்றிவருவது, இதுதான் பிழைப்பு. கிணற்றுத் தண்ணீர் கரிப்பது பத்து நாளில் பழகிவிட்டது. கொசுவும் பழகிவிட்டது. இதற்காகவா வேண்டாம் என்றோம் என்று தினமும் நினைத்துக்கொள்வாள். ஒரு சிப்பாயின் தலைகூட அந்தப் பக்கம் தெரியவில்லை. தம்புசாமி சொன்னது அத்தனையும் சரி. வாய்க்காரி என்று பெயரெடுத்தவள் பேச்சையே குறைத்துக்கொண்டாள். எப்போதாவது காத்தூன் பீவியிடம், "நான்தானக்கா தள்ளிவிட்டேன், இந்தக் கையாலதான்" என்பாள். "அல்லா பாத்துக்குவான், அழாதே" என்று அவள் முந்தானையால் துடைத்துவிடுவாள்.

சண்டை முடிந்து, ஜப்பான்காரன் போய், சயாமிலிருந்து ஒருத்தர் இரண்டு பேராகத் திரும்பத் தொடங்கினார்கள். மாட்டுவண்டி வருகிற சத்தம் கேட்டால் புஷ்பவல்லி அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து பார்ப்பாள்.

ஒரு மத்தியானம் வண்டியிலிருந்து ஓர் எலும்புக்கூடு இறங்கியது. அடையாளம் தெரியச் சற்று நேரம் ஆனது. மேரு லயத்து இராமலிங்கம். அதே லோரியில் போனவன். இராஜம்மாதான் வழி சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவள் ஏன் கூட வரவில்லை என்பது புஷ்பவல்லியின் மனதுக்குள் சுருக்கென்றது. "வா தம்பி" என்றாள்.

அவன் அவளை நிமிர்ந்து பார்க்காமல் குடிசையைச் சுற்றிக்கொண்டு நேரே பின்பக்கம் போனான். யாரும் வழி காட்டவில்லை. கிணற்றில் இறைத்து இரண்டு கை தண்ணீர் குடித்தான். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். பிறகு தென்னைமரங்களைப் பார்த்து, "ஊஞ்சல் எங்கக்கா? அவுத்துட்டீங்களா?" என்று கேட்டான்.

"எந்த ஊஞ்சல்?"

"தம்பு அண்ணன் கட்டின ஊஞ்சல். எத்தனை தடவை சொல்லியிருப்பாரு! நாங்கெல்லாம் லயத்தப் பத்திப் பேசிட்டுக் கெடப்போம். அவரு மட்டும் இந்த வீட்டப் பத்தியே பேசுவாரு. கிணறு, கல்லு, தென்னை, ஊஞ்சல்ல லெட்சுமி காலை நீட்டிக்கிட்டு ஆடறது... கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் நடந்து வந்துருவேன்."

"இந்த வீட்டுல அவரு ஒரு நாள்கூட இருந்ததில்லப்பா. நின்னு பாத்துட்டுப் போனாரு, அவ்வளவுதான்."

இராமலிங்கம் விழித்தான். "லயத்துக்கு வர்றதுக்கு முன்னால நீங்க இங்கதான் குடியிருந்தீங்கன்னு நெனச்சோமே."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருக்கிறானா என்று அவள் கேட்கவில்லை. இராமலிங்கமே சொன்னான். வாந்திபேதி. இரண்டு நாள்தான். கூட இருந்து மண் போட்டது இவன்தான்.

புஷ்பவல்லி இரண்டு வருஷமாக நெஞ்சுக்குள் போட்டு அரைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள். "என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா? நான்தான் பிடிவாதமா மேருவுக்குக் கூட்டிட்டுப் போனேன்னு?"

"இல்லியே அக்கா. 'இந்த வீட்டப் புடிச்சதே எம் பொண்டாட்டிதான், அவளுக்குக் கடல்காத்துன்னா உசிரு'ன்னுதான் சொல்லுவாரு."

அப்போதுதான் அவள் அழுதாள். பக்கத்துக் குடிசையிலிருந்து மூசா பாயும் காத்தூன் பீவியும் ஓடிவருகிற அளவுக்கு வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் மூசா பாய் படகுக் கயிறு கொண்டுவந்து இரண்டு தென்னைக்கும் நடுவில் ஊஞ்சல் கட்டிக் கொடுத்தார். லெட்சுமி ஏறி உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். புஷ்பவல்லி பின்னால் போய் நின்று பிள்ளையின் முதுகில் கை வைத்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"தள்ளும்மா" என்றாள் லெட்சுமி. "தள்ளேன்மா."

காத்தூன் பீவி வந்து தள்ளிவிட்டாள்.