வால்வில் பழுது இல்லை

எங்கள் வீட்டுச் சுடுதண்ணீர் வால்வில் ஒரு பழுதும் இல்லை. அதைத் தெரிந்துகொள்வதற்குள் அம்மாவின் இடது கால் போய்விட்டது. கடைசிவரை மறைத்து வைத்துக் கதை சொல்லும் பொறுமை எனக்கில்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாள்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது.

அப்பா ரயில்வே பட்டறையில் பிட்டர். நீராவி இஞ்சின்களின் கொதிகலனில் வேலை பழகியவர். டீசல் வந்த பிறகும் வால்வு, குழாய், அழுத்தம் என்று அதே பாஷைதான் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் பிறந்து வளர்ந்தது எல்லாம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். எண்பதுகளில் அவர் ஓய்வு பெற்றதும் கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் வரிசை வீடு ஒன்றுக்குக் குடிபோனோம். வீட்டை விற்ற சீனர், குளியலறைச் சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த ஹீட்டரைக் கழற்றாமல் விட்டுவிட்டுப் போயிருந்தார். வெள்ளைத் தொட்டி, அதிலிருந்து இறங்கும் ஒரு குழாய், முழங்கால் உயரத்தில் சிவப்புப் புள்ளி வைத்த வால்வு. அப்பா அதை ஹீட்டர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ‘பாய்லர்’ என்பார். வீட்டுக்குள்ளேயே ஒரு பாய்லர் கிடைத்ததில் அவருக்குப் பரம சந்தோஷம்.

அதை யாரும் பயன்படுத்தவில்லை. கிள்ளான் வெக்கையில் பச்சைத் தண்ணீரில் குளித்தாலே துடைப்பதற்குள் வேர்த்துவிடும். அம்மாவுக்கு மட்டும்தான் அது தேவைப்பட்டது. அவருக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார், விருந்து என்றால் மறந்துவிடுவார். கொஞ்ச நாளாகவே பாதம் இரண்டும் ஜில்லென்று இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“மதமதன்னு இருக்குடி. பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு.”

“சிமெண்டுத் தரையில செருப்பு இல்லாம நின்னா அப்படித்தான்மா,” என்பேன். அப்பா அது வாயு என்பார். பக்கத்து வீட்டு ஆன்டி, சுடுதண்ணியில் கல்லுப்பைப் போட்டுக் காலை ஊறவைக்கச் சொன்னார். மூன்று பேர் சொன்னதில் மூன்றாவது மட்டும் அம்மாவுக்குப் பிடித்தது.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் குளியலறை வாசலில் ஒரு முக்காலி, கீழே ஒரு பிளாஸ்டிக் பேசின். அம்மா கனத்த உடம்பு. குனிந்து கையால் சூடு பார்க்க முடியாது. வால்வைத் திறந்து பேசின் நிரம்பியதும் காலை உள்ளே வைத்துவிடுவார். ரேடியோவில் தமிழ் நிகழ்ச்சி முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். அந்த நேரம்தான் அவர் ஒரு நாளில் சும்மா இருக்கும் ஒரே நேரம்.

அப்படி ஒருநாள்தான் ஆரம்பித்தது.

“ஏங்க, தண்ணி சுடவே மாட்டேங்குது.”

அப்பா பேப்பரை மடித்து வைத்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. இஞ்சின் ஓட்டி வந்தவன் என்ன குறை சொல்கிறானோ அதுதான் குறை. பிட்டர் அதை எதிர்த்துப் பேசக்கூடாது, சந்தேகப்படக்கூடாது. பழுதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவன் வேலை. “ஓட்டினவன் சொல்றத நம்பாதவன் பிட்டரே இல்ல,” என்று அப்பா எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். கல்யாண காரியம், கடன், பிள்ளைகள் படிப்பு எதிலும் அம்மாவின் பேச்சை ஒரு பொருட்டாக மதிக்காத மனிதர், இந்த ஒரு விஷயத்தில் அம்மா சொன்னதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நம்பியதே அந்த ஒரு முறைதான்.

முதலில் வால்வைப் பிரித்தார். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் பழையதானால் சூட்டில் உப்பிக்கொள்ளும், வாயை அடைத்துக்கொள்ளும், திறந்த சற்று நேரத்தில் சுடுதண்ணீர் நூலாக இளைத்துவிடும் என்று சொன்னார். வாஷரை விரலால் அமுக்கிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் புதிது வாங்கி மாட்டினார். மறுநாள் சாயங்காலம் அம்மா காலை வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்து உப்பு. வால்வு உட்காரும் பித்தளை விளிம்பில் சுண்ணாம்புபோலப் படிந்திருக்கும் என்று வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தார். சமையலறை முழுக்கப் புளித்த வாடை. படிவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

“இப்ப பாரு.”

“கொஞ்சம் தேவலாம் மாதிரி இருக்கு,” என்றார் அம்மா, அவர் முகம் வாடக்கூடாதே என்று. அடுத்த நாள் மறுபடியும், “ஜில்லுன்னுதாங்க இருக்கு.”

பிறகு பச்சைத் தண்ணீர் எங்கோ உள்ளே வந்து கலக்கிறது என்று முடிவு கட்டினார். ஷவருக்குப் போகும் இடத்தில் இரண்டு குழாயும் சேர்கின்றன. அங்கே தடுப்பு சரியில்லை என்றால் அழுத்தம் அதிகமான பச்சைத் தண்ணீர் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் ஏறிவிடும். அதற்கான சோதனையையும் முறையாகச் செய்தார். பாய்லருக்குப் போகும் தண்ணீரை அடைத்துவிட்டுச் சுடுதண்ணீர் வால்வைத் திறந்து வைத்தார். ஓயாமல் தண்ணீர் வந்தால் கலப்பு, நின்றுபோனால் கலப்பு இல்லை. தண்ணீர் இளைத்து, சொட்டி, நின்றுபோனது. அப்பா பேசினுக்குப் பக்கத்தில் குந்தியபடி ஒன்றும் புரியாமல் அந்த வால்வையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாச் சோதனைகளும் ஒரே பதிலைத்தான் சொல்லின. அந்தப் பதில் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

ஏன் ஒருவரும் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். அப்பா தொட்டுப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் காய்ந்த இரும்பைப் பிடித்த உள்ளங்கை அது. அடுப்பிலிருந்து சட்டியைத் துணி இல்லாமல் இறக்குவார். “வெதுவெதுன்னுதான் இருக்கு, இது பத்தாது,” என்றார். நான் அப்போது தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு எலெக்ட்ரானிக் பேக்டரியில் இருந்தேன். சர்க்யூட் பலகைகளில் பழுது கண்டுபிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. பேக்டரி பஸ் என்னை இறக்கிவிடும்போது அம்மா காலைத் துடைத்துக்கொண்டிருப்பார். பேசினைத் தூக்கி நான்தான் கொட்டுவேன். அதற்குள் அது ஆறிப்போயிருக்கும். எனக்கும் வெதுவெதுப்பாகத்தான் தெரிந்தது.

இன்னொன்றும் இருந்தது, அது எங்கள் கண் முன்னாலேயே இருந்தது. தலைக்கு ஊற்றிக் குளிக்கும் நாளில் காலையில் அம்மா அதே வால்வைத் திறந்து, பாதி வாளி பச்சைத் தண்ணீர் கலந்துதான் குளிப்பார். ஒருநாளும் சூடு பத்தவில்லை என்று சொன்னதில்லை. குறையெல்லாம் பாதத்துக்கு மட்டும்தான். அப்பா அதையும் கவனித்திருந்தார். கவனித்து, காலையில் நன்றாக வருகிறது, சாயங்காலம் தாமான் முழுக்கத் தண்ணீர் திறப்பதால் அழுத்தம் மாறுகிறது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதைதான்.

“பிளம்பரைக் கூப்பிடலாமேப்பா,” என்றேன் ஒருநாள்.

“பாய்லரைப் பத்தி எனக்கு ஒருத்தன் வந்து சொல்லணுமா?”

“ஆமா, வாத்தியார் புள்ள மக்கு, வைத்தியர் புள்ள சீக்கு. பிட்டர் பொண்டாட்டிக்குப் பச்சத் தண்ணி,” என்று அம்மா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவரைக் கிளப்பிவிட்டது என்று நினைக்கிறேன். அந்தச் சனிக்கிழமை பாய்லரின் அடி மூடியைக் கழற்றி, சூட்டைக் கட்டுப்படுத்தும் திருகை அது போகும் கடைசிவரை திருப்பிவிட்டார்.

அன்று எனக்கு ஓவர்டைம். நடந்ததைப் பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். வால்வைத் திறந்ததும் ஆவி பறந்ததாம். “ஆவியப் பாரு! இதான் சுடுதண்ணி,” என்று அப்பா சொன்னாராம். அம்மா காலை வைத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு கணுக்காலுக்கு மேலே இதமாக இருந்ததாம். “இன்னைக்குத்தாங்க கொஞ்சம் இளஞ்சூடா இருக்கு.” அதைக் கேட்டுவிட்டு அப்பா வாசலில் போய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஆவியோடு வாழ்ந்த மனிதர். ஆவி வரும் தண்ணீரில் மனைவி காலை வைத்துக்கொண்டு இளஞ்சூடு என்கிறாள். அப்போதாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. ஓட்டினவள் சரி என்று சொல்லிவிட்டாள், வேலை முடிந்தது.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். துண்டோடு சேர்ந்து தோல் வந்தது. இரண்டு காலிலும் கணுக்காலுக்கு மேல் கோடு போட்டதுபோல ஒரே சிவப்பு, அதற்குக் கீழே கொப்புளங்கள். நான் கத்தினேன்.

“ஏண்டி கத்துற? எனக்கு ஒண்ணும் வலிக்கலையே,” என்றார் அம்மா.

அப்பா ஓடிவந்து பார்த்தார். பிறகு பற்பசையைக் கொண்டுவந்து பிதுக்கிப் பிதுக்கித் தடவினார். எங்கள் ஆட்கள் வீடுகளில் எல்லாம் தீக்காயத்துக்கு அதுதான் மருந்து. அம்மா வலிக்கவில்லை என்றதாலேயே ஆஸ்பத்திரிக்குப் போவதும் தள்ளிப்போனது. வலித்திருந்தால் அன்றே ஓடியிருப்போம். வலது கால் எப்படியோ தேறிவிட்டது. இடது காலில் சீழ் வைத்து, பெருவிரல் கறுத்து, வாடை வரத் தொடங்கிய பிறகுதான் டாக்சி பிடித்தோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மலாய் டாக்டர், என்னைவிடச் சின்னப் பெண். அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஒரு ஊசியின் முனையால் நல்ல காலைக் குத்தப்போவதாகவும், குத்தியதும் சொல்ல வேண்டும் என்றும் மலாயில் விளக்கினார். அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் காத்திருந்தார். டாக்டர் கட்டைவிரலில் குத்தினார். பாதத்தின் நடுவில் குத்தினார். குதிகாலில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது.

“பெலும் லாகி லா, டாக்டர்,” என்றார் அம்மா. இன்னும் குத்தவில்லையே என்று.

அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். வாஷரும் உப்பும் திருகும் ஒவ்வொன்றாக அவருக்குள் இடம் மாறி உட்காருவது தெரிந்தது. வெளியே வராந்தாவுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“வால்வு இல்ல,” என்றார். “கேஜ். அளவு காட்டுற கேஜ் செத்துப்போச்சு. அத நம்பி நான் நெருப்பப் போட்டிருக்கேன்.”

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அம்மாவின் காலை எடுக்கப்போகிறார்கள், இப்போதும் இந்த மனிதருக்குப் பாய்லர்தான் பேச்சா என்று எரிந்தது. அவரை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். அவருக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அம்மா வீடு திரும்பியபோது ஹீட்டர் சுவரில் இல்லை. நான்கு ஓட்டைகளும் குழாய் முனையில் அடித்த ஒரு மரக்கட்டையும்தான் இருந்தன. அப்பா அம்மாவைத் தூக்கி உட்காரவைப்பார், துடைத்துவிடுவார், மாத்திரையை நேரம் தவறாமல் கொடுப்பார். பேச்சு மட்டும் நின்றுபோயிருந்தது. நானும் அவரிடம் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கூடத்துக் கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த அம்மா திடீரென்று முனகினார்.

“ஏங்க, கால் எரியுது. ரொம்பச் சுடுது.”

அப்பா குனிந்து வலது காலைத் தடவிப் பார்த்தார்.

“அது இல்லைங்க. இந்தக் கால்.” அம்மாவின் கை, சேலை மடிந்து தொங்கிய வெறும் இடத்தைக் காட்டியது. “பாதம் கொதிக்குதுங்க. தாங்கல.”

இப்படி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இல்லாத கால் இருப்பதுபோலத் தோன்றும், நரம்பு ஏமாற்றும், நாளாக நாளாகக் குறையும் என்று. நான் அதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா எழுந்து குளியலறைக்குப் போய்விட்டார்.

வாளியில் பச்சைத் தண்ணீரும் கையில் ஒரு குவளையுமாக வந்தார். முதலில் தன் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தார். அது போதாது என்று நினைத்தவர்போல முழங்கையின் உட்பக்கத்தில் ஊற்றிப் பார்த்தார். பிறகு கட்டிலின் முன்னால் மண்டியிட்டு, அம்மாவின் பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், நிதானமாக ஊற்றினார். தண்ணீர் நேராகத் தரையில் விழுந்து கூடம் முழுக்க ஓடியது.

“இப்ப எப்படி இருக்கு?”

அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“இன்னும் கொஞ்சம் ஊத்துங்க,” என்றார்.