கரண்டி மைக்கும் கங்கம்மா வேஷமும்

எங்கள் வீட்டில் யாராவது இனிமையாகப் பேசினால் இன்றுவரை யாருக்கு என்ன ஆச்சு என்றுதான் கேட்பேன். காரணம் அந்த ஊரடங்குக் கோடை. பரீட்சை எழுதாமலே ஆறாம் வகுப்பு பாஸ் ஆகிவிட்டு, அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ள ஒரு ஆள் கிடைக்காமல் புத்தூர் வீட்டில் அடைந்து கிடந்தேன்.

வீட்டில் அப்போது அம்மா, ஷேர் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு அதைத் துடைத்துக்கொண்டே பொழுதைக் கழித்த நைனா, திருப்பதியில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்து, எங்களைப் பார்க்க வந்த இடத்தில் மாட்டிக்கொண்ட மாமா. இவர்களோடு அம்மாவின் தங்கை, என் சின்னம்மா. தலைப்பிரசவம். அவளுக்குத் தாய்வீடு என்றால் அக்கா வீடுதான். அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன சித்தப்பா ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை பார்ப்பவர். தடாவில் நண்பர்களோடு ரூம் எடுத்திருந்தார். மறுவாரமே பாதைகளை அடைத்துவிட்டார்கள்.

சின்னம்மாவுக்கு பிரஷர் ஏறிக்கொண்டே போனது. அது இறங்காவிட்டால் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாதம் நிறையும் முன்பே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா போனில் சொன்னார். இரண்டு உயிருக்கும் ஆபத்து, மனதுக்குக் கவலையே கூடாது என்றார். அம்மா சமையலறைக்குப் போய் அழுதாள். கேட்டால் வெங்காயம் என்றாள். வீட்டில் வெங்காயம் தீர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அது போதாதென்று சித்தப்பாவுக்குக் காய்ச்சல் வந்து, தடா பக்கம் ஏதோ ஒரு கொரோனா மையத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அவருடைய ரூம் நண்பர்தான் நைனாவுக்கு போன் செய்து சொன்னார். இது சின்னம்மா காதில் விழவே கூடாது என்று அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். சத்தியம் செய்ததைவிட அந்த அடிதான் வலித்தது.

மாமா உடனே சட்டம் போட்டார். டிவி ஒயரைப் பிடுங்கித் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "இனிமே இந்த வூட்ல நல்ல சேதி மட்டும்தான். செத்தவங்க கணக்கு, போலீஸ் அடிச்ச கதை, ஒண்ணும் கூடாது. மீறிப் பேசினா சோறு கட்" என்றார். செய்தி வாசிப்பாளர் நான். தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன் குழம்புக் கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்று வாசிக்க வேண்டும்.

நல்ல சேதி கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. மொட்டை மாடியில் நின்று தெருவையே சலித்தேன். எதிர்வீட்டுக் கொய்யா பூத்திருக்கிறது. நகரி மலையின் மூக்கு இன்று துல்லியமாகத் தெரிகிறது. பால்காரர் மாஸ்க்குக்குள்ளேயே தும்மினார், ஆனால் ஜலதோஷம்தானாம். இந்தக் கடைசிச் சேதியை மாமா தடை செய்தார். நைனா ஒரு நாள் தானாக முன்வந்து, திருமலைப் பாதையில் கரடி நிம்மதியாக நடந்துபோகிறதாம் என்று சொன்னார். அது கரடிக்கு நல்ல சேதி, நமக்கு எப்படி என்று அம்மா கேட்டாள்.

அமைதிப் பயிற்சிகளும் நடந்தன. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மூச்சை இழுத்து விட வேண்டும். இழுத்த மூச்சை விட மறந்து நைனா தூங்கிவிடுவார். பிறகு துவரம் பருப்பில் கல் பொறுக்கினோம். கல் தீர்ந்த பிறகு, பொறுக்கிய கல்லையே திரும்பப் பருப்பில் கொட்டிப் பொறுக்கினோம். மாமா தன் போனில் ஓடைச் சத்தத்தோடு புல்லாங்குழல் வைத்தார். அது ஆரம்பித்ததும் சின்னம்மா எழுந்து பாத்ரூமுக்கு ஓடினாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஓடைச் சத்தம் எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இவ்வளவும் செய்தும் பிரஷர் இறங்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து பார்க்கும் நர்சம்மா ஒவ்வொரு முறையும் உதட்டைப் பிதுக்கினார்.

ஒரு மத்தியானம் சின்னம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "உண்மையச் சொல்லுடி. யாருக்கு இன்னா ஆச்சு?" என்றாள். நான் கதவுப் பக்கம் பார்த்தேன். "நான் பொறந்ததுலேருந்து உங்கம்மா என்னை எருமைன்னுதான் கூப்பிடுவா. இப்போ கண்ணு, தங்கம்ங்கிறா. உங்க நைனா என் தட்டை வாங்கிக் கழுவுறாரு. எனக்குப் பயமா கீதுடி" என்றாள்.

நான் நேராக மாமாவிடம் ஓடி ஒப்பித்தேன். மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடச்சீ! நோயே நம்ம சக்கரை வாய்தான்!" என்றார்.

அது வைகாசி. திருப்பதியில் கங்கம்மா அம்மனின் ஜாத்திரைத் திருவிழா நடக்கிற சமயம். வேண்டிக்கொண்டவர்கள் உடம்பெல்லாம் குங்குமமோ கரியோ பூசி, வேஷம் கட்டிக்கொண்டு, எதிரில் வருகிறவர்களைக் கண்டபடி திட்டுவார்கள். திட்டுவது வேண்டுதல், திட்டு வாங்குவது பாக்கியம். வருஷா வருஷம் மாமா வேஷம் கட்டுவார். அவரிடம் திட்டு வாங்குவதற்கென்றே சின்னம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு போய் நிற்பாள். அந்த வருஷம் யாரும் போக முடியாது என்றாகிவிட்டது. மாமா அதை நினைத்து ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார். "ஜாத்திரைக்கு நாம போவ முடியலைன்னா இன்னா, ஜாத்திரை இங்க வரும்" என்றார்.

மறுநாள் காலை சின்னம்மா வழக்கம்போல் சித்தப்பாவோடு போன் பேச மாடிக்குப் போனாள். தான் ரூமிலேயே இருப்பதாகத்தான் அவர் அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். சின்னம்மா இறங்கி வரும்போது கண் கலங்கியிருந்தது. முகம் மட்டும் சிரித்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு நான் ஒரு சேதி தர்றேன், மொதல்ல அதப் படி. உங்க சித்தப்பாவுக்குக் காப்பி வாசனை தெரிஞ்சுதாம்" என்றாள்.

நான் முகத்தைச் சுளித்தேன். "காப்பின்னா வாசனை வரத்தானே செய்யும்? இதெல்லாம் ஒரு சேதியா சின்னம்மா? நம்ம ஆட்டோ அடியில நாய் குட்டி போட்டுக்கீது, அதைப் படிக்கப் போறேன்."

அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள். "சரி, நாயையே படி" என்றாள். பாவம், ஒன்றும் தெரியாமல் காப்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு இரக்கமாக இருந்தது.

மதியம் நான் கரண்டியோடு கூடத்தில் நின்று நாய்க்குட்டிச் சேதியை முடித்திருப்பேன். கொல்லைக் கதவு படாரென்று திறந்தது. அம்மாவின் சிவப்புப் புடவை, கழுத்தில் வேப்பிலை மாலை, முகம் முழுக்க எங்கள் பூஜையறைக் குங்குமம். மாமா கூடத்துக்குள் குதித்தார். "ஏ பூசணி வயிறு! மூணு வேளையும் துன்னுக்கினு, காலை ஆட்டிக்கினு, மகாராணியா நீ? உன் மூஞ்சிக்கு ஓடைச் சத்தம் ஒரு கேடா?" என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வந்தவற்றை அச்சில் ஏற்ற முடியாது. அம்மா என் காதைப் பொத்தினாள். ஒரு காதை மட்டும்தான் பொத்தினாள்.

சின்னம்மா முதலில் வாயைப் பிளந்தாள். பிறகு இடுப்பில் கையை ஊன்றி எழுந்தாள். மாமாவின் மீசை, வழுக்கை, சவுண்டு செட், பெண் பார்க்கப் போன இடத்தில் அவர் வேஷ்டி அவிழ்ந்த கதை என்று ஒன்றையும் விடாமல் இழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பொறுக்க முடியாமல் அம்மாவும், "ஏ எருமை, உக்காந்து திட்டுடி, வயிறு கனம்!" என்று கத்திவிட்டாள். எருமை என்ற சொல்லைக் கேட்டதும் சின்னம்மா அப்படியே சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். நைனா சிரித்த சிரிப்பில் பருப்புத் தட்டு கவிழ்ந்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை, கரண்டியால் தட்டைத் தட்டினேன்.

அப்போதுதான் பார்த்தோம், வாசலில் நர்சம்மா நிற்கிறார். மாஸ்க், கையுறை, நெற்றியிலிருந்து கண்ணாடித் திரை. எவ்வளவு நேரமாக நின்றாரோ. மாமா புடவைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நர்சம்மா கோபிக்கவில்லை. இரண்டு கையையும் குவித்து, "என்னையும் நாலு திட்டுப்பா. எனக்கும் திருப்பதிதான் ஊரு. இந்த வருசம் கங்கம்மாகிட்ட திட்டு வாங்கக் குடுத்து வைக்கல" என்றார்.

மாமா தயங்கினார். நர்சம்மா குவித்த கையை எடுக்கவில்லை. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த அம்மா தாங்குகிற அளவுக்கு மரியாதையாகத் திட்டினார். நர்சம்மாவின் தோள் குலுங்கியது. கண்ணாடித் திரைக்குப் பின்னால் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குப் புரியவில்லை.

சின்னம்மாவைக் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைத்துவிட்டுப் பிரஷர் பார்த்தார். இறங்கியிருந்தது. நம்பாமல் இன்னொரு கையிலும் பார்த்தார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் எல்லோரையும் பழையபடி திட்ட ஆரம்பித்தோம். பிரஷரும் அடங்கியே இருந்தது. சித்தப்பா தாடியும் எலும்புமாக வந்து சேர்ந்தார். மாதம் நிறைந்து, சுகப்பிரசவத்தில் ஒரு பெண் பிறந்தாள். தன் வேஷம்தான் காப்பாற்றியது என்று மாமா இன்றும் எல்லாக் கல்யாணத்திலும் மைக் டெஸ்ட் செய்யும்போது சொல்கிறார். சின்னம்மா மறுத்ததே இல்லை.

அடுத்த கோடையில் அந்தக் காய்ச்சல் எனக்கே வந்தது. மூக்கு செத்துப்போனது. சோப்பும் சாம்பாரும் ஒன்றுதான். பல நாள் கழித்து ஒரு காலையில் அம்மா ரசம் தாளிக்கும்போது பெருங்காய வாசனை வந்தது. "அம்மா, வாசனை தெரியுது!" என்று கத்தினேன். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் கைக்குள் இருக்கும்போதே எனக்குச் சின்னம்மாவின் காப்பி ஞாபகம் வந்தது.

உடனே போன் போட்டேன். "சின்னம்மா, அப்போ உனக்கு எல்லாம் தெரியுமா?"

"உங்க சித்தப்பா மொத நாளே சொல்லிட்டாரு. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா, பயந்த பொண்ணுன்னு நான்தான் வாயை மூடிக்கினு இருந்தேன். அவ தேனா பேசினதும், வேற யாருக்கோ இன்னமோ ஆச்சுன்னு பயந்துதான் அன்னிக்கு உன்னைக் கேட்டேன். இப்பத்தான் வெளங்குச்சாடி எருமை?" என்று சிரித்தாள்.

அவர்கள் அவளிடம் மறைத்தார்கள். அவள் அவர்களிடம் மறைத்தாள். யாரிடமாவது சொல்லாமல் அவளால் இருக்க முடியாத அந்த ஒரு காலையில், வீட்டுச் செய்தி வாசிப்பாளரான என்னிடம் வந்து சொன்னாள். நானோ அந்தக் கோடையின் மிகப் பெரிய சேதியைத் தள்ளிவிட்டு, கரண்டியைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோ அடியில் நாய் குட்டி போட்டதை முதல் சேதியாக வாசித்தேன்.