மாடி அறைக்கு மூன்று ஞானப்பெற்றோர்

எவரிஸ்டோ சுரித்தாவுக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. பொலிவியாவில் கில்யாகொல்யோவிலிருந்து கோச்சபாம்பாவுக்குக் காலமெல்லாம் ஷேர் டாக்சி ஓட்டியவர், ஒரு பயணியிடமாவது இடமில்லை என்று சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. வண்டி பிதுங்கி வழியும்போதும், கோழிக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடி வருவதைப் பார்த்தால் அவர் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். தான் கதவோரம் ஒடுங்கி, பாதி இருக்கையில் தொற்றிக்கொண்டு ஓட்டுவார்.

"உன் வண்டியில ஊருக்கே இடமிருக்கு, கிழவா. உனக்குத்தான் இல்லை" என்பாள் அவர் மனைவி டெல்மா.

இப்படிப்பட்டவர்களை ஊர் நல்ல மனுஷன் என்று சொல்லும். ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். கூடக் குடும்பம் நடத்துகிறவளைக் கேட்டால்தான் தெரியும்.

டெல்மா சந்தையில் உருளைக்கிழங்கு விற்றாள். சர்க்கரை நோய் அவள் கண்ணில் இறங்கிவிட்டது. கண் டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: பார்வையின் நடுப்பகுதி முதலில் போகும், மிச்சமும் மெல்லப் போகும், கொஞ்சம் தள்ளிப்போட மருந்து உண்டு, போனதைக் கொண்டுவர மருந்து இல்லை. வியாபாரம் அதனால் படுக்கவில்லை. கிழங்கைத் தொட்டே அவள் ரகம் சொல்லுவாள். அவளை வதைத்தது மகள் முகம்.

ஒரே மகள் லிஸ்பெத் ஸ்பெயினில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். குடியிருப்புக் காகிதம் கிடைக்காததால், வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று, போனவள் போனவள்தான். ஞாயிறுதோறும் போனில் முகம் காட்டுவாள். அந்த உள்ளங்கை அகலத் திரையில் டெல்மாவுக்குத் தெரிந்தது நடுவில் ஒரு கறையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சுவரும்தான். "மெலிஞ்சிட்டியேடி" என்று அந்தக் கறையைப் பார்த்துச் சொல்லுவாள். போனை வைத்ததும் எழுந்து போய் ஏதாவது பாத்திரத்தைத் தேய்ப்பாள்.

ஆகஸ்ட் மாதம் மாதா திருவிழாவில் சதுக்கத்தில் பெரிய திரை கட்டி ஊர்வலத்தைக் காட்டினார்கள். கூட்டத்துக்குள் எவரிஸ்டோவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த டெல்மா சட்டென்று நின்றுவிட்டாள்.

"அந்தப் பொம்பளைக்கு மோவாயில மச்சம் இருக்குது."

"எந்தப் பொம்பளை?"

"அங்க, திரையில. மச்சம், கிழவா. எனக்குத் தெரியுது."

கதவளவு பெரிய முகமாக இருந்தால் அவளுக்கு இன்னும் பிடிபடுகிறது என்று எவரிஸ்டோ அன்று தெரிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு லிஸ்பெத் தனக்குக் கல்யாணம் என்று சொன்னாள். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரன், பேக்கரியில் வேலை. பதிவு அலுவலகத்தில் எளிமையாக நடக்கும். "கல்யாணம் ஆனா காகிதம் சரியாகும்மா. அப்புறம் நான் வந்துடுவேன்" என்றாள். எப்போது என்று யாரும் கேட்கவில்லை. காகிதம் வரும்போது அம்மாவின் கண் இருக்காது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அன்றைக்கே எவரிஸ்டோ தீர்மானித்துவிட்டார். மாடியில் ஒரு அறை சும்மா கிடந்தது. லிஸ்பெத் கல்யாணமாகி வந்து குடியிருக்கட்டும் என்று கட்டியது, கடைசியில் கிழங்கு மூட்டையும் பழைய டயரும்தான் குடியிருந்தன. அதைக் காலி செய்து, சுவரை வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கெட்டித் திரை போட்டு, புரொஜெக்டர் ஒன்று வைத்துவிட்டால் போனில் வருவது சுவர் முழுக்க வரும். டெல்மா மகள் கல்யாணத்தைக் கண்ணால் பார்ப்பாள். அவர் வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான் என்று சொன்னால் பொய்யில்லை.

ஆனால் புரொஜெக்டருக்கு எங்கே போவது? பொலிவியாவில் அதற்கு வழி இருக்கிறது. ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்கிற ஞானத்தகப்பன் குழந்தைக்கு மட்டுமா? கல்யாணக் கேக்குக்கு ஒரு ஞானத்தகப்பன், பேண்டுக்கு ஒருவர், பள்ளிக்கூடக் கொடிக்கு ஒருவர். ரொட்டியும் பீரும் எடுத்துக்கொண்டு ஒருவர் வீட்டுக்குப் போய், செலவை ஏற்கச் சொல்லிக் கேட்டால் அவர் மறுக்க முடியாது, மறுத்தால் மானம் போய்விடும். கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் அன்றிலிருந்து உறவு. ஆண் என்றால் கொம்பாத்ரே, பெண் என்றால் கொமாத்ரே. இந்த உறவு உடன்பிறப்பைவிடக் கெட்டி, அறுக்க நினைத்தாலும் அறாது.

செங்கல் சூளை வைத்திருந்த செனோன் புரொஜெக்டருக்கு ஞானத்தகப்பன் ஆனார். பாவாடைக் கடை நின்ஃபா ஜன்னல் திரைக்கு ஞானத்தாய். திருவிழா நடனக் குழுவின் தலைவர் பிரிமித்திவோ நாற்காலிகளுக்கு. திறப்பு விழாவில் மூவரும் அறையின் நான்கு மூலையிலும் சோளத்தில் வடித்த கள்ளைத் தெளித்து, காகிதப்பூ தூவி, எவரிஸ்டோவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவரும் அழுதார். அழுததோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதல் சனிக்கிழமை செனோன் கால்பந்து மாட்ச் பார்க்க வந்தார்.

"என் ஞானப்பிள்ளை எப்படி இருக்கான்? கண்ணு நல்லாத் தெரியுதா?" என்று புரொஜெக்டரைத் தட்டிக்கொடுத்தார். பின்னால் சூளை ஆட்கள் ஒரு பட்டாளமே நின்றது.

"வாங்க கொம்பாத்ரே" என்றார் எவரிஸ்டோ. வேறென்ன சொல்லுவார்?

நின்ஃபாவுக்கு அந்த அறையின் வெளிச்சம் பிடித்துப்போயிற்று. வாடிக்கைக்காரிகளைக் கூட்டிவந்து பாவாடை போட்டுப் பார்க்க வைத்தாள். ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சுவரில் மாட்டினாள், படம் விழுகிற சுவரிலேயே. "ஒரு ஆணிதானே கொம்பாத்ரே. சுவரு அழவா போகுது?" என்றாள். பிரிமித்திவோவின் குழு மாடியில் ஒத்திகை பார்த்தது, ஊதுகுழல்களையும் பெரிய மத்தளத்தையும் அங்கேயே வைத்துவிட்டுப் போனது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பது சரிதான், ஆனால் இவர்கள் பிடுங்கவில்லை. அன்பாகத்தான் எடுத்துக்கொண்டார்கள், அதுதான் வம்பு.

"நம்ம அறைக்கு நாம அனுமதி கேட்டுத்தான் போகணும் போல" என்றாள் டெல்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை லிஸ்பெத்தைச் சுவரில் வரவழைக்க மாடி ஏறினார்கள். உள்ளே யாரோ ஒருத்தி பாவாடை மாற்றிக்கொண்டிருந்தாள். திரும்பி இறங்கிவிட்டார்கள்.

"விடு. கல்யாணத்தன்னிக்கு மட்டும் அறை நமக்கு வேணும். அன்னிக்கு ஒருத்தரும் வரக்கூடாது. போய்ச் சொல்லிட்டு வா. சொல்லுவியா?"

"சொல்றேன்."

"என் தலையில அடிச்சுச் சொல்லு."

அவர் அவள் தலையைத் தொட்டார். மூன்று வீட்டுக்கும் போனார். வெறுங்கையோடு போவது மரியாதையில்லை என்று ரொட்டியும் பீரும் கொண்டுபோனார். அங்கேதான் காரியம் கெட்டது. ரொட்டியும் பீருமாக வந்து, வருகிற சனிக்கிழமை காலையில் என் மகளுக்குக் கல்யாணம் என்று ஒருவர் சொன்னால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம், கல்யாண அழைப்பு. அதற்குப் பிறகு, வராதீர்கள் என்று சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் செனோன் அவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நீ கூப்பிடணுமாய்யா? அது என் பிள்ளை காட்டப்போற கல்யாணம். குடும்பத்தோட வந்துடுவேன்."

வீட்டுக்கு வந்ததும் டெல்மா கேட்டாள். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்" என்றார். கல்யாணம் என்று சொல்லத்தானே செய்தார்.

சனிக்கிழமை காலை, ஸ்பெயினில் சாயங்காலம். டெல்மா நல்ல பாவாடை கட்டி, சால்வை போட்டு, முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நின்ஃபாவின் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். வெள்ளைச் சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம் விழுந்தது. அப்போது தெருவில் பேண்டு கேட்டது.

டெல்மா திரும்பி அவர் இருந்த பக்கம் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மூன்று குடும்பங்களும் வந்தன. பீர்ப் பெட்டிகள் வந்தன. பெண்ணின் அம்மாவை வாழ்த்தாமல் உட்காருவது முறையா? ஒவ்வொருவராக வந்து அவள் தலையில் காகிதப்பூவைக் கொட்டி, கட்டிப்பிடித்து, கையில் தம்ளரைக் கொடுத்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் வெயில் உள்ளே வந்து சுவரை வெளுத்தது. போனைப் பிடித்திருந்த லிஸ்பெத்தின் தோழி, "இதோ வர்றாங்க" என்று சொன்னது ஒலிபெருக்கியில் கேட்டதும் மரியாதைக்காக எல்லோரும் எழுந்து நின்றார்கள். செனோன் நெகிழ்ந்துபோய்ச் சுவருக்கு மிக அருகில் போய் நின்றார். பிரிமித்திவோ தொப்பியை எடுக்கவில்லை.

டெல்மாவும் எழுந்தாள். அவளுக்கு முன்னால் முதுகுகள்.

"எங்க? எங்க இருக்கா?"

"இரு, இரு" என்றார் எவரிஸ்டோ. கொம்பாத்ரே, கொஞ்சம் உட்காருங்கள். மூன்று சொல். தொண்டை வரை வந்தது. செனோனின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது, மனிதர் அழுதுகொண்டிருந்தார். அழுகிறவரை உட்காரச் சொல்வது எப்படி? எவரிஸ்டோ எக்கிப் பார்த்தார். குள்ளமான மனிதர். அவருக்குத் தெரிந்தது பிரிமித்திவோவின் தொப்பி விளிம்பும் அதற்கு மேல் படத்தில் பதிவு அலுவலகத்தின் கூரை விளக்கும்தான்.

டெல்மா அவர் கையை இறுகப் பிடித்தாள். "எவரிஸ்டோ, எப்படி இருக்கா? சொல்லேன்."

அவர் சொன்னார். என்ன செய்வது என்று தெரியாமல் சொன்னார். "வெள்ளை கவுன். தரையில புரளுது. அழகா இருக்கா."

"தலை?"

"பின்னல்தான். நீ போட்டுவிடுவியே, அதே மாதிரி ஒத்தைப் பின்னல். பூ வச்சிருக்கா."

"சிரிக்கிறாளா?"

"சிரிக்கிறா. உன்னைத்தான் பாக்கிறா."

டெல்மாவின் முகம் மலர்ந்தது. முதுகுகளுக்கு நடுவே அசைந்த வெளிச்சத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். "ஆமா, ஆமா, தெரியுது. வெள்ளையாத் தெரியுது" என்றாள். அது சுவர்.

பதிவு அலுவலகக் கல்யாணம், ஒரு பாட்டு நேரம்கூட இல்லை. கையெழுத்துப் போட்டார்கள், கைதட்டினார்கள், படம் நின்றது. பேண்டு தொடங்கியது. கீழே முற்றத்தில் எல்லோரும் ஆட, நின்ஃபா எவரிஸ்டோவின் காதருகே வந்தாள்.

"பொண்ணுக்கு அந்த நீலக் கோட்டு ரொம்ப எடுப்பு, கொம்பாத்ரே. ஆனா முடியை எதுக்கு ஆம்பிளைப் பையன் மாதிரி ஒட்ட வெட்டிக்கிட்டா? எத்தனை நீளம் இருந்த முடி."

போன ஞாயிறு போனில்கூட அந்தப் பின்னல் இருந்தது. எவரிஸ்டோ டெல்மாவைத் தேடி ஓடினார். அதற்குள் அவள் படிக்கட்டில் உட்கார்ந்து மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் பாத்தேன்டி. அந்த வெள்ளை கவுனு, பின்னல்ல பூ. ராணி மாதிரி இருந்தே."

எவரிஸ்டோ படிக்கட்டின் கீழே நின்றிருந்தார்.

"ஆமாம்மா" என்றாள் லிஸ்பெத். "பூ எனக்கும் ரொம்பப் பிடிச்சிருந்துது."

மறுநாளிலிருந்து சந்தையில் டெல்மாவின் கடைக்கு வந்தவர்கள் கிழங்கோடு வெள்ளை கவுனையும் வாங்கிப் போனார்கள். தரையில் எவ்வளவு புரண்டது என்று கையை விரித்துக் காட்டுவாள். கண் தெரியாதவள் என்று யாரும் சொல்ல முடியாது, அத்தனை விவரம். நீலக் கோட்டைப் பார்த்தவர்களும் தலையாட்டிவிட்டுத்தான் போனார்கள். எவரிஸ்டோ மூட்டையைப் பிரிப்பதுபோல் குனிந்துகொள்வார்.

சில வாரம் கழித்து லிஸ்பெத் கல்யாண வீடியோவை அப்பாவின் போனுக்கு அனுப்பினாள். 'அம்மாவுக்கு எப்போது காட்டுவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, முற்றத்தில் தனியாக உட்கார்ந்து அதைத் திறந்தார். நீலக் கோட்டு, காதுக்கு மேலே வெட்டிய முடி, அகலமான சிரிப்பு. லிஸ்பெத் நேராகப் போனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். 'அம்மா, தெரியுதா?' என்று கேட்டாள். அன்றைக்கு அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

சமையலறையிலிருந்து டெல்மா சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள்.

"லிஸ்பெத் குரல். கல்யாணப் படமா?"

"ம்."

"இன்னிக்கு மேல ஒருத்தரும் இல்லை. வா, சுவத்துல போடு. இன்னொரு தடவை பாக்கலாம்."

மாடிக்குப் போனார்கள். மத்தளத்தை நகர்த்தி, கண்ணாடியைக் கழற்றி, திரைகளை இழுத்துவிட்டார். அறை நல்ல இருட்டு. முன்வரிசையில் டெல்மா ஒருத்திதான். அவள் முன்னால் ஒரு முதுகும் இல்லை. இதற்காகத்தான் எல்லாம். ஒரு பொத்தானை அழுத்தினால் மகள் முகம் கதவளவு வரும், அவளுக்கு இன்னும் பிடிபடும் அளவு. நீலக் கோட்டும் பிடிபடும், இல்லாத பின்னலும் பிடிபடும், மகளும் புருஷனும் சேர்ந்து கண் தெரியாதவளை ஏமாற்றியதும் பிடிபடும். நான் பொய் சொன்னேன் டெல்மா, எனக்கும் தெரியவில்லை. அதைச் சொல்லிவிட்டு அழுத்தினால் போதும். அவர் புரொஜெக்டரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த வருஷம் சொல்லிவிட்டுக் காட்டலாம் என்றால் அவள் கண் இருக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

"என்ன கிழவா, எரியலையா?"

"பல்பு போயிடுச்சு."

டெல்மா சிரித்தாள். "செனோன் மாட்ச் போட்டே எரிச்சிருப்பான்." கையை நீட்டி அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்லை, விடு. நான்தான் ஒரு தடவை நல்லாப் பாத்துட்டேனே."