பருப்பு வேகாத தண்ணீர்

2003 மே, ஞாயிறு, காலை ஆறரை மணி. திருச்சியில் பெரம்பலூர் பஸ் ஏறும்போதே எனக்குக் கொண்டாட்டம். லப்பைக்குடிக்காட்டில் ஒருவர் சாம்பார் வைக்கப் போகிறார். அது ருசித்தால் அவர் இனி விமானம் ஏற வேண்டாம்!

அவர் சலீம் பாய். துபாயில் பத்துப் பேர் தங்கும் அறையில் சமையல் அவர்தான். விடுமுறையில் வந்தபோது காந்தி மார்க்கெட் பருப்புக் கடையில் எனக்குப் பழக்கமானார். பெரம்பலூரில் மலிவுச் சாப்பாட்டு மெஸ் போட வேண்டும் என்பது அவர் ஆசை. முன்பணம் தர மனைவி மும்தாஜின் அண்ணன் ஹனீபா தயார். ஆனால் ஒரு நிபந்தனை: "கறி, மீன் வேணாம் மாப்ள. வெறும் பருப்புல சமைச்சுப் போடுங்க. நல்லாருந்தா மெஸ். இல்லாட்டி திங்கக்கிழமை ஃபிளைட்டப் புடிங்க."

பெரம்பலூருக்குப் பதினெட்டு ரூபாய். பாடாலூர் தாண்டும்போதே வெயில் சுட்டது. பெரம்பலூரில் திட்டக்குடி பஸ்ஸுக்கு மாறினேன். ஊர் பெயரைச் சொன்னதும் நடத்துனர் சிரித்தார்: "பாதி ஊரு துபாய்ல இருக்குங்க. மீதிய நான்தான் ஏத்தி இறக்குறேன்!"

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். "இன்னிக்கு அடுப்புப் பக்கம் யாரும் வரக்கூடாது" என்று மனைவிக்கே தடை போட்டிருந்தார் பாய். திறந்த பாத்திரத்தில் அரைக் கிலோ துவரம்பருப்பு, மஞ்சள்தூள், துளி விளக்கெண்ணெய். கொதித்தது. கொதித்துக்கொண்டே இருந்தது. பதினொன்றேகாலுக்கு ஒரு பருப்பை எடுத்து அமுக்கினார். நறுக்கென்று நின்றது. பாயின் முகம் செத்துவிட்டது. ஒரு மணிக்கு ஹனீபா வந்துவிடுவார்.

கதவோரத்திலிருந்து மும்தாஜ் கேட்டார்: "எந்தத் தண்ணி ஊத்துனீங்க?"

"போர் தண்ணிதான்."

"அல்லாவே! அதுல சோப்பே நுரைக்காது, பருப்பு எங்க வேகும்? பருப்புக்கு ஆத்து ஊத்துத் தண்ணிதான எடுப்போம்? வருஷத்துக்கு ஒரு மாசம் வர்ற விருந்தாளிக்கு எப்படித் தெரியும்!"

கேலிதான். ஆனாலும் சொந்த வீட்டில் விருந்தாளி என்ற சொல் பாயைத் தைத்தது. ஆற்றுத் தண்ணீர் ஒரு செம்புதான் மிச்சம். வெள்ளாற்று மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்துவர நேரமில்லை.

பாய் சட்டென்று பருப்பை வடிகட்டி அம்மியில் கொட்டினார். மிளகாய், சோம்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தார். உருண்டை பிடித்தவன் நான்! ஆவியில் வேகவைத்து, அந்த ஒரு செம்புத் தண்ணீரில் கொதித்த புளிக்குழம்பில் போட்டோம். வாசம் தெருவுக்கே போனது.

ஹனீபா நான்காவது உருண்டையைப் பிட்டுக்கொண்டே கேட்டார்: "துபாய்ல இதத்தான் போடுவீங்களா மாப்ள?"

பாய் மறைக்கவில்லை. "இல்ல மச்சான். பருப்பு வேகல. அதான் இப்படி."

ஹனீபாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "வேகாத பருப்ப வச்சே இப்படின்னா, டிக்கெட்டக் கேன்சல் பண்ணுங்க!"

"கடை பேசுறதுக்கு முன்னாடி தண்ணியப் பாருங்க" என்றார் மும்தாஜ்.

மாலை ஐந்து மணி. பெரம்பலூர் பஸ் நிலையத்தை ஒட்டிய காலிக் கடையில், குழாய்த் தண்ணீரில் ஒரு பிடி பருப்பைப் போட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்தார் பாய். "வாடகை பேச வந்தியளா, பொங்கித் திங்க வந்தியளா?" என்றார் கடையின் சொந்தக்காரர்.

நான் ஆறு மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். திருச்சியில் எங்கள் குழாயில் காவிரி வருகிறது. எந்தத் தண்ணீர் என்று கேட்டா உலை வைத்திருக்கிறேன், ஒருநாளாவது? பஸ் உறுமியது. கரண்டியும் கையுமாக ஓடிவந்த பாய், ஜன்னல் வழியே என் உள்ளங்கையில் சுடச்சுட நாலு பருப்பைப் போட்டார்.

"அமுக்கிப் பாருங்கண்ணே!"

அமுக்கினேன். வெண்ணெய்.