வலது கன்னத்தில் வைத்த பஞ்சு

வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனியில் அவனுக்குப் பெயர் பீரோ. இரும்பு பீரோ ஒன்றை முதுகில் வார் போட்டுக் கட்டித் தனியாளாக மாடி ஏற்றியதால் வந்த பெயர். ஆளும் அதே அகலம்தான். அவன் வாசலில் வந்து நின்றால் அறைக்குள் வெளிச்சம் குறையும். அப்படிப்பட்டவன் பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து இறங்கி, கழுத்தில் கட்டிய காகிதத் துணியோடு தெருவில் ஓடினான்.

கீழ் வரிசையில் இடது பக்கக் கடைவாய்ப் பல் அது. சொத்தையாகி, உடைந்து, சீழும் பிடித்திருந்தது. மாத்திரை போட்டே பல மாதம் ஓட்டிவிட்டான். கடைசியில் மனைவி தானே போன் செய்து நேரம் வாங்கிக் கொடுத்தாள். போனான், படுத்தான், வாயைத் திறந்தான். நர்ஸ் ஊசியை எடுத்து அவன் நெஞ்சுக்கு மேலாக டாக்டரிடம் நீட்டினாள். ஊசி முனையில் ஒரு சொட்டு நின்றது. அதைப் பார்த்ததும் அவன் எழுந்து உட்கார்ந்து, "பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டான். நர்ஸ் கை காட்டினாள். அவள் காட்டியது வலது பக்கம், வாசல் கதவு இடது பக்கம். அவன் இடது பக்கம் போனான். அவ்வளவுதான்.

மூன்று தெரு தள்ளித்தான் நின்றான். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது? மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். அன்று அவனுக்காக அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் காத்திருந்தாள். ஓடி வந்துவிட்டேன் என்று அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? மருந்துக்கடையில் பஞ்சு வாங்கி, ஒரு சுவரோரம் திரும்பி நின்று, உருண்டையாகச் சுருட்டி வாயில் வைத்தான். வலிக்கிற பக்கம் வைத்ததும் உயிர் போய் வந்தது. எடுத்து மறு பக்கம் அடக்கிக்கொண்டான். எந்தப் பக்கம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றவில்லை.

"புடுங்கியாச்சா?" என்றாள் மனைவி.

தலையை ஆட்டினான்.

"எங்க, காமிங்க."

உதட்டின் மேல் விரலை வைத்து, பேசக் கூடாது என்று சைகை காட்டினான். அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி, பேசாதீங்க, போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டு, தலைக்கு உயரமாக இன்னொரு தலையணை வைத்தாள். சூப்பை ஆற வைத்துக் கொடுத்தாள். அவன் நன்றாகக் குடித்தான். அந்தக் கவனிப்பு கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது. இதை அவன் பின்னால் நினைத்து நினைத்துக் கூசினான்.

மறுநாள் வேலைக்குப் போனான். பல்லைப் பிடுங்கியாச்சு என்று அங்கேயும் சொல்லி வைத்தான். எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுகிற லாரி டிரைவர்தான் அவர்களுக்குத் தலைவர். வயதில் மூத்தவர், ஒல்லி உடம்பு, வாய் மட்டும் நீளம். அன்றைக்கு இரண்டாவது மாடியிலிருந்து ஒரு வாஷிங் மெஷினை இறக்க வேண்டும். படியில் கனமான சாமானை இறக்கும்போது எடை முழுக்கக் கீழே பிடிப்பவன் மேல்தான் விழும். எப்போதும் அது பீரோவின் இடம்.

"தள்ளுடா, நான் கீழ புடிக்கிறேன்" என்றார் அண்ணன்.

"வேணாண்ணே."

"பல்லு புடுங்கினவன் மூச்சப் புடிச்சுத் தூக்கினா ரத்தம் பிச்சுக்கிட்டு வரும். எல்லாம் எனக்குத் தெரியும். மேல போ."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார், அதனால் சொல்லவில்லை என்று அவன் தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டான். வீட்டுக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தார், இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

படி திரும்புகிற இடத்தில் அண்ணனின் கால் நழுவியது. மெஷினுக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்கள் நசுங்கின. அவர் கத்தக்கூட இல்லை, "வை, வை" என்று மட்டும் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு விரலில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று கட்டுப் போட்டார்கள். ஒரு மாதத்துக்கு லாரியும் ஓட்டக் கூடாது, சாமானும் தூக்கக் கூடாது.

திரும்பி வரும் வழியில் அண்ணன் சொன்னார்: "நல்லவேளைடா, கீழ நீ இல்ல. பல்லையும் குடுத்துட்டுக் கையையும் குடுத்திருந்தா உன் பொண்டாட்டி என்னைச் சும்மா விட்டிருப்பாளா?"

பீரோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காது வரைக்கும் சுட்டது.

சாயங்காலம் மனைவி சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் கரண்டியைத் தொடவில்லை.

"பல்லு இருக்கு" என்றான்.

"தெரியும்."

"எப்படி?"

"வீங்கியிருக்கிறது இடது பக்கம். பஞ்சு வெச்சது வலது பக்கம். குப்பையில போட்ட பஞ்சுல ஒரு சொட்டு ரத்தம் இல்ல. நான் நாள் பூரா துவைக்கிறது என்னன்னு நெனச்சீங்க?"

அவன் கை தானாக வலது கன்னத்துக்குப் போனது.

"தெரிஞ்சும் ஏன் சூப்பு குடுத்த?"

"பல்லு இருந்தாலும் மெல்ல முடியலைல்ல. நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்."

அவள் சிரித்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. அவன் படியில் நடந்ததைச் சொன்னான். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "பயந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவர் கைக்கு என்ன சொல்லப்போறீங்க?"



விடிந்தபோது வீக்கம் கண்ணுக்குக் கீழே வந்திருந்தது, உடம்பும் லேசாகச் சுட்டது. பல்லில் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கினால் தள்ளிப்போடவே கூடாது. காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம், கிளம்பிவிட வேண்டும். மனைவி அவனுக்கு வெறும் வயிறு ஆகாது என்று பாலைக் குடிக்க வைத்துக் கூட்டிப் போனாள்.

வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு அவனை நன்றாக நினைவிருந்தது. "பாத்ரூம் கெடைச்சுதா சார்?" என்றாள்.

காத்திருந்தவர்கள் போனிலிருந்து தலை தூக்கினார்கள். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகளை அவன் சொன்னான்: "ஊசின்னா எனக்குப் பயம். அன்னிக்கு ஓடிப்போயிட்டேன். டாக்டர்கிட்டச் சொல்லிடுங்க."

டாக்டர் குள்ளமான பெண்மணி. முக்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தார். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா ஊசிய உங்க கண்ணுல படவே விட்டிருக்க மாட்டேன். எதுக்குப் பயம்? பாக்கிறதுக்கா, வலிக்கா, மயக்கம் வந்துடும்னா?"

அவனை யாரும் இதுவரை இப்படிப் பிரித்துக் கேட்டதில்லை. யோசித்தான். "பாக்கிறதுக்கும்தான். ஆனா படுத்திருக்கிறப்ப, வாயில உங்க கை இருக்கிறப்ப, நிறுத்துங்கன்னு எப்படிச் சொல்றது? எங்க வேலையில யாரு 'வை'ன்னு சொன்னாலும் எல்லாரும் எறக்கி வெச்சிடுவோம். ஏன்னு அப்புறமாத்தான் கேப்போம்."

"இங்கயும் அப்படியே வெச்சுக்குவோம். இடது கையத் தூக்குங்க. நான் எடுத்துடுறேன். ஏன்னு கேக்க மாட்டேன்."

ஈறில் மரத்துப்போகிற ஜெல்லைத் தடவி, அது வேலை செய்யும் வரை பொறுத்திருந்தார். தொடைத் தசையை இறுக்கி இறுக்கித் தளர்த்தச் சொன்னார். மயக்கம் வராமலிருக்க அது உதவும். ஊசியைத் தலைக்குப் பின்னால் கை மாற்றிக்கொண்டார்கள். எதுவும் வாய்க்குள் வருமுன்பே அவன் கையைத் தூக்கிவிட்டான். டாக்டர் கையை எடுத்தார். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி தூக்கினான், மறுபடி எடுத்தார். யாரும் பெருமூச்சு விடவில்லை. அதற்கடுத்த தடவை அவன் கூரை விளக்கில் செத்துக்கிடந்த பூச்சியைப் பார்த்தபடி தொடையை இறுக்கிக்கொண்டு கிடந்தான். சுருக்கென்று ஒரு குத்து, பிறகு அழுத்தம். இடது கை நாற்காலியை விட்டு எழவில்லை.

தைரியம் என்று அதைச் சொல்ல முடியாது. கால் நடுங்கி, அடியில் விரித்த காகிதம் சரசரத்தது. கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. நர்ஸ் மேசையைத் துடைப்பது போல அதைத் துடைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய உடம்பை எங்கே ஒளித்துவைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. பல் மட்டும் சத்தமில்லாமல் வந்துவிட்டது.

வெளியே வந்ததும், "மரப்பு போனப்புறம் அண்ணனப் போய்ப் பாருங்க. பேசுறது ஒண்ணும் புரியல" என்றாள் மனைவி.

"இப்பவே போறேன். அப்புறம்னா போக மாட்டேன்."

கதவைத் திறந்தது அண்ணனேதான். சட்டை பொத்தான்கள் போடாமல் திறந்து கிடந்தது. கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு தூக்கி வைத்திருந்தார்.

"அண்ணே, அன்னிக்குப் பல்லு புடுங்கல" என்றான் பீரோ. பாதி உதடு அசையவில்லை. ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். "ஊசியப் பார்த்துட்டு ஓடிட்டேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன். கீழ நான்தான் நின்னிருக்கணும்."

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. குனிந்து தன் கைக் கட்டைப் பார்த்தார்.

"இப்ப?"

"இப்பதான் எடுத்துட்டு வரேன்."

"எங்க, தொற."

திறந்து காட்டினான். அண்ணன் குனிந்து, லாரியில் கயிறு கட்டியதைச் சரிபார்ப்பது போல ஒரு மூலை விடாமல் பார்த்தார்.

"எனக்குக் கோவமா இருக்குடா" என்றார். "உடனே போயிடாது."

"சரிண்ணே."

"வீட்டுல யாரும் இல்ல. இந்தப் பொத்தானப் போட்டு விட்டுட்டுப் போ."

பீரோவின் விரல்கள் தடிமன், பொத்தான்கள் சின்னவை. ஒவ்வொன்றும் நழுவி நழுவித்தான் துளைக்குள் போனது. போட்டு முடிக்கும் வரை அவன் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை.